கேபிளில் எட்டுச் சுற்று

இஞ்சாருங்கோ,

யுத்தம் தொடங்கியதும் அரசாங்கம் எடுத்துக்கொண்டு போன நீங்கள் ஊர் ஊராகச் செய்தி அனுப்பிய ரேடியோப் பெட்டி வீட்டுக்கு வந்துவிட்டது. நெருப்புக் காய்ச்சலில் கிடந்தபோதும் "பெட்டி வந்ததோ?" என்று கேட்டீர்களே, அதேதான். நீங்கள் கண்ணை மூடி மூன்று வருடம் கழித்து வந்தது.

விற்றுவிடு என்றார்கள். நான் சோதனை எழுதி, செய்தி அனுப்பும் உரிமத்தை என் பெயரில் எடுத்தேன். தாளைத் தந்த உத்தியோகத்தர், "மிஸ்டர் வரேல்லையோ?" என்று எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

கூரைக்கும் தென்னைக்கும் நடுவே நீங்கள் கட்டிய ஏரியல் கம்பி அப்படியே இருந்தது. அதன் நடுவிலிருந்து பெட்டிக்கு இறங்கும் இரட்டை வயர்தான் உக்கிப்போயிருந்தது. புறக்கோட்டையில் பட்டாளத்துப் பழைய சாமான் விற்கிறவரிடம் தடித்த கேபிள் வாங்கி நானே மாட்டினேன். பிழை அங்கேதான் வந்தது.

நான் டிக் டிக்கென்று செய்தி தட்டும் மோர்ஸ் சாவியைத் தொட்டால் பக்கத்து வீட்டு ஹமீத் நானாவின் ரேடியோ அலறியது. "தங்கச்சி, செய்தி கேக்க ஏலாம இரிக்கி. ஒங்கட டிக் டிக்தான் கேக்குது," என்றார், பாவம், தயங்கித் தயங்கி. கதை வெள்ளவத்தையிலிருக்கும் என் அண்ணனுக்கும் எட்டியது. வந்து நின்றார்.

"புருஷன் இல்லாத வீட்டில உதென்னத்துக்கு? சனிக்கிழமை ஆளோட வாறன். கம்பியைக் கழட்டுவம்."

நான்கு நாள் இருந்தது. நான் அழவில்லை. சாவியின் இரும்பைத் தொட்டால் விரல் சுட்டது. கேபிளைப் பிடித்தால் பெட்டியிலிருந்த மீட்டரின் முள் ஆடியது. அப்போதுதான் பிடிபட்டது: கம்பிக்குப் போக வேண்டிய மின்சாரத்தில் ஒரு பங்கு, கேபிளின் வெளிப்புறமாகவே திரும்பி இறங்கி, ஹமீத் நானாவின் சுவரோரமாக வீட்டுக்குள் வந்துகொண்டிருந்தது. அந்த வழியை அடைக்கத்தான் சோக் என்கிற சுருள். கம்பியின் நடுப்பகுதிக்குக் கீழே அதே கேபிளை வளையமாகச் சுற்றினால், உள்ளே போவது போகும், வெளியே இறங்குவது நிற்கும். நீங்கள் இருந்திருந்தால் உடனே கண்டுபிடித்திருப்பீர்களா? நீங்களும் நான்கு நாள் எடுத்திருப்பீர்கள் என்றுதான் நினைக்கிறேன்.

சனிக்கிழமை காலை கம்பியை இறக்கி, கேபிளை எட்டுச் சுற்றுச் சுற்றிக் கட்டினேன். கயிற்றை இழுத்துத் திரும்ப ஏற்றும்போது அண்ணன் ஆளோடு வந்துவிட்டார்.

"கயித்தை விடு!"

"விட்டா உங்கட தலையிலதான் விழும். தள்ளி நில்லுங்கோ அண்ணா."

தள்ளி நின்றார். நான் உள்ளே போய்ச் சாவியைத் தட்டினேன். சுவருக்கு அப்பாலிருந்து ஹமீத் நானா கூப்பிட்டார். "அடியுங்கோ தங்கச்சி, ஏன் அடிக்கல்ல?"

"அடிச்சுக்கொண்டுதான் இருக்கிறன் நானா!"

"அல்லாஹ்! ஒண்டும் கேக்கல்லயே!"

அண்ணன் விடவில்லை. "இண்டைக்குச் சரி. நாளைக்கு?"

"நாளைக்குப் பிழைச்சா நாளைக்கும் நான்தான் திருத்துவன். உரிமம் என்ர பேரில இருக்கு. கம்பியில கை வைக்காதேங்கோ."

தேத்தண்ணி கூடக் குடிக்காமல் போனார். போகட்டும்.

அன்று பின்னேரம் மதராஸிலிருந்து ஒருவர் பதில் தந்தார். "ஐயா" என்று தொடங்கினார். நான் பெண் என்று தட்டினேன். பிறகு வந்தது: "மன்னிக்கவும் அம்மா. உங்கள் சத்தம் மிகத் தெளிவு." மன்னிப்பை விட, அந்தத் தெளிவுதான் எனக்கு இனித்தது.

மழைக்கு முன் தென்னையில் கப்பியை இன்னும் உயரத்தில் கட்டுவேன். நீங்கள் கூப்பிட்டும் பதில் வராத ஊர்களை ஒவ்வொன்றாகக் கூப்பிடுவேன். பதில் வரும்வரை கூப்பிடுவேன். அதற்கு நான் எவரிடமும் அனுமதி கேட்கப் போவதில்லை, உங்களிடமும்தான்.

கொட்டாஞ்சேனையிலிருந்து,
உங்கள் மனைவி
றோசலின்