ஒன்பது கையெழுத்து

ஜூன் 7, சனி

நூலகத்தில் நான் நடத்தும் சிறுவர் வாசிப்பு வட்டம். பன்னிரண்டு நாற்காலி, பன்னிரண்டு பிள்ளைகள். சுவரில் நூலகர் மாட்டிய நட்சத்திர அட்டை. ஒரு புத்தகம் முடித்துச் சுருக்கம் எழுதி வந்தால் ஒரு நட்சத்திரம். இந்த மாதக் கடைசிக்குள் ஐந்து சேராதவர் பெயர் நீக்கம். காத்திருப்போர் பட்டியலில் நாற்பது பேராம். சுருக்கத்தின் அடியில் ‘வாசித்தார்’ என்று நான் கையெழுத்துப் போட வேண்டும். முப்பத்து நான்கு வருஷம் நோட்டுத் திருத்திய கை, தானாகப் போட்டுவிடுகிறது.

ஒரு பதின்மூன்று வயதுப் பெண்ணுக்கு மட்டும் ஒரே நட்சத்திரம். ஐந்து வாரமாக ஒரு கலங்கரை விளக்கக் கதையையே படிக்கிறாள். பிள்ளைகள் வைத்த பெயர் ஆமை.

ஜூன் 14, சனி

அதே கதைக்கு இன்று ஒன்பது சுருக்கங்கள். ஒன்பதிலும் “கடைசியில் நாய் இறந்துவிடுகிறது, மனம் கனக்கிறது.” எனக்கு உறைக்கவில்லை. அழகான எழுத்து, நல்ல தாள். கையெழுத்தைப் போட்டுத் தள்ளினேன்.

ஒருவன் எழுந்து வாசித்தான். ஆமை — பார், நானும் அப்படியே எழுதுகிறேன் — அந்தப் பெண் கை தூக்கினாள்.

“டீச்சர், நாய் சாகலையே.”

“நீ இன்னும் பாதிகூடத் தாண்டல, ஆமை! அதுக்குள்ள தீர்ப்பா?” என்றான் அவன்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும். “முழுசா படிச்சிட்டு வந்து பேசும்மா” என்றேன்.

“நேத்தே முடிச்சிட்டேன் டீச்சர்.” மெல்லிய குரல். மற்றவர்களுக்குக் கேட்டிருக்காது. எனக்குக் கேட்டது. அடுத்த தாளை எடுத்துவிட்டேன்.

ஏன்? ஒன்பது பேர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்றா? உண்மை இதுதான்: அந்தப் புத்தகத்தை நான் படிக்கவே இல்லை.

ஜூன் 15, ஞாயிறு

படித்தேன். நாய் சாகவில்லை. கடைசிப் பக்கத்தில் படகு முனையில் நின்று வாலாட்டுகிறது. பின்னட்டையில்தான் “நாய் பிழைக்குமா?” என்று ஒரு கேள்வி. அதைப் பார்த்துவிட்டு யாரோ கொன்றிருக்கிறார்கள்.

“கொன்னது யாரோ. சான்றிதழ் குடுத்தது நீ” என்றார் இவர். விளையாட்டாகத்தான்.

ஜூன் 18, புதன்

அந்தச் சுருக்கத்தை ஒரு பையனின் அம்மா எழுதிப் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் போட்டிருக்கிறார். போனில் கேட்டேன். கூச்சமே இல்லை.

“டியூஷன், கராத்தே, நீச்சல்னு ஓடுற பிள்ளைங்க டீச்சர். எங்க உக்காந்து படிக்கிறது? ஆனா ஒண்ணு, நான் சொந்தமா எழுதினேன். காப்பி அடிக்கல.”

இதில் பெருமை வேறு! அந்தப் பெருமைதான் குமட்டுகிறது. பிள்ளைக்குச் சோறு ஊட்டாமல் வாயை மட்டும் துடைத்துவிட்டுச் சாப்பிட்டாச்சு என்று சொல்வது போல. சரி, துடைத்த வாயைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டவளை என்ன சொல்வது? சீ.

ஜூன் 21, சனி

அவள் வரவில்லை.

பிள்ளைகள் முன்னாலேயே ஒன்பது கையெழுத்தையும் அடித்தேன். “நான் படிக்காமலே போட்டேன். அவ சொன்னதுதான் சரி. அவளைப் பார்த்து நான் சிரிச்சிருக்கக் கூடாது.”

நூலகர் வெளியே அழைத்தார். “என்ன மேடம் இது? ஃபோட்டோவோட மேலிடத்துக்கு அறிக்கை அனுப்பியாச்சு. ஒட்டின நட்சத்திரத்தைப் பிடுங்கவா சொல்றீங்க?”

“அந்தப் பொண்ணு?”

“ஒரே ஸ்டார். வரவும் இல்ல. எடுத்துடலாம்.” பேன் எடுக்கிற மாதிரி சொன்னார்.

“அப்போ என் பேரையும் எடுத்துடுங்க.”

“உங்க இஷ்டம் மேடம்.” ஒரு நொடிகூட யோசிக்கவில்லை!

ஜூன் 22, ஞாயிறு

சைக்கிள் பழுது பார்க்கும் கடைக்கு மேலே அவள் வீடு. அவள் அப்பா நாற்காலியைத் துடைத்துப் போட்டார். உட்காராமலே மன்னிப்புக் கேட்டேன்.

“நீங்களும் சிரிச்சீங்க டீச்சர்” என்றாள் அவள்.

ஆமாம் என்றேன். வேறென்ன சொல்ல? சனிக்கிழமை எங்கள் வீட்டு முன்னறையில் படிக்கப்போகிறேன், விருப்பமிருந்தால் வா என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.

ஜூன் 28, சனி

வந்தது மூன்று பேர். ஒருவன் அந்த வாட்ஸ்அப் அம்மாவின் மகன் — நீச்சல் பையோடு, வீட்டுக்குத் தெரியாமல். கடைசியாக அவள். கதவோரம் உட்கார்ந்தாள். அந்தக் கலங்கரை விளக்கக் கதையை மடியில் வைத்துக்கொண்டாள்.

பையன் அவள் பக்கம் நகர்ந்தான். “நாய் சாகலைன்னா, அப்புறம் அந்த விளக்குக்காரருக்கு என்ன ஆச்சு?”

“சொல்ல மாட்டேன்.”

“ஏய், சும்மா சொல்லேன்.”

“படி.”

முறைத்தான். பிறகு அவள் மடியிலிருந்த புத்தகத்தை இழுத்து முதல் பக்கத்தைத் திறந்தான். அவள் தடுக்கவில்லை.