இடித்தவன் நடந்து போகவில்லை

பிரேக் கருகும் வாசனை எனக்கு இன்னமும் ஆகாது. இன்று காலை கும்பகோணத்தில் ஒரு டவுன் பஸ் கிறீச்சென்று நின்றது. யாருக்கும் அடி இல்லை. டிரைவரும் சைக்கிள்காரரும் நாலு வார்த்தை திட்டிக்கொண்டு அவரவர் வழியில் போனார்கள். நான் மட்டும் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு வெற்றிலைக் கடை ஓரமாக நின்றேன். நீ போய்ச் சேர்ந்த செய்தி வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. வீட்டுக்கு வந்ததும் இதை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

உனக்குத் தெரியாதது இதில் அதிகம் இல்லை. ஆனாலும் முதலிலிருந்து சொன்னால்தான் எனக்கு உறைக்கும். உன் அப்பா எங்கள் பண்ணை நிலத்தைக் குத்தகைக்கு உழுதவர். நீ படித்து முன்னுக்கு வந்து கும்பகோணத்தில் டிராக்டர் பட்டறை வைத்தாய். நான் அப்பா பணத்தில் கார்ப் பைத்தியமாய் அலைந்தவன். சென்னைக்கு வடக்கே, யுத்த காலத்தில் விமானம் இறங்கிய பழைய ஓடுதளத்தில் அப்போது பந்தயம் நடக்கும். நம்மைப் போல ஆசைக்கு ஓட்டுகிறவர்கள்தான் அதிகம். சீமைக்கே திரும்பிய ஒரு தேயிலைத் தோட்டத்துத் துரையிடம் வாங்கிய ஸ்போர்ட்ஸ் கார் என்னுடையது. உன்னுடையது, கூரையை வெட்டிய பழைய பியட். அதற்குப் பாத்திரக்காரர் ஒருவரைப் பிடித்து அலுமினியத்தில் உடம்பு தட்டி வாங்கியிருந்தாய். கார் என்னவோ கவிழ்த்துப் போட்ட அண்டா மாதிரிதான் இருந்தது. என் துரை காரை அது எத்தனையோ முறை முந்தியிருக்கிறது என்பது வேறு விஷயம்.

ஊரில் நான் உனக்கு 'நீங்க'. ஓடுதளத்துக்குள் நுழைந்துவிட்டால் 'வாடா, போடா'. அந்த 'டா'வுக்காகவே நான் மாதக்கணக்கில் காத்திருப்பேன்.

ஒரு பந்தயத்தில் நீ பெங்களூர் டாக்டர் ஒருவருடைய காரைப் பின்னால் இடித்தாய். இருவருக்கும் பந்தயம் போயிற்று. உன் முழங்கையில் ரத்தம். நான் நீட்டிய தண்ணீரை வாங்காமல், ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி நேரே அவர் கார் நிறுத்தும் கொட்டகைக்கு நடந்தாய். "சார், நான் லேட்டா பிரேக் புடிச்சிட்டேன். உங்களுக்கு அடி கிடி இல்லையே?" என்றாய். அந்த மனுஷர், தானும் கொஞ்சம் சீக்கிரமாகப் பிடித்துவிட்டதாகச் சொல்லி உனக்கு டீ ஊற்றிக் கொடுத்தார்.

"யாரு தப்புன்னு சொல்லத்தான் அதிகாரிங்க இருக்காங்களே, நீ எதுக்குடா போற?" என்று கேட்டேன்.

"அவங்க சொல்றது பரிசுக்குடா. மறுபடி அவரு பக்கத்துல நான் வண்டி ஓட்ட வேணாமா? அடுத்த தடவை என்னை நம்பி எடம் விடணுமே. இடிச்சவன்தான் நடந்து போகணும்."

அங்கே எல்லோருக்கும் அதுதான் மரியாதை. நானும் தலையாட்டினேன். தலையாட்டுவதில் எனக்கு எப்போதும் குறைச்சல் இல்லை.

அந்த வருஷம் முதல்முறையாக என் அப்பா பந்தயம் பார்க்க வந்தார். கூடவே காரியஸ்தரும் சொந்தக்காரர்களும். ஊரில் நேரம் சரியில்லை. அரசாங்கம் உழுகிறவன் பேரைப் பதிவு செய்ய ஆரம்பித்திருந்தது. பதிவாகிவிட்டால் குத்தகைக்காரரை நிலத்தை விட்டு எழுப்ப முடியாது. கூலித் தகராறில் பல இடங்களில் கதிர் வயலிலேயே சாய்ந்து கிடந்தது. அப்பாவுக்கு யாரைப் பார்த்தாலும் எரிச்சல்.

கடைசிச் சுற்று. பீப்பாய் அடுக்கிய வளைவில் நீ எனக்கு முன்னால் இருந்தாய். நான் உள்பக்கமாகக் காரின் மூக்கை நுழைத்தேன். என் முன்சக்கரம் உன் பின்சக்கரத்தில் இடித்தது. நீ சுழன்று போய் வைக்கோல் கட்டுகளில் மோதினாய். நான் நிறுத்தாமல் ஓட்டிக் கோப்பையும் வாங்கினேன். உன் மணிக்கட்டு முறிந்துவிட்டதாக யாரோ சொன்னார்கள். உன் கொட்டகை கண்ணுக்கு எதிரேதான் இருந்தது. கிளம்பினேன். அப்பா தோளில் கை வைத்தார்.

"எங்க போற? நாம போயி நிக்கற எடமாடா அது? ஊருக்குப் போனதும் அவங்கப்பனுக்கு வெத்தல பழம் வச்சு ஒரு தட்டு அனுப்பிடலாம்."

சொந்தக்காரர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் அப்பாவின் காரில் ஏறி உட்கார்ந்தேன். அதைவிடக் கேவலம், தட்டு அனுப்புவது பெரிய மரியாதை என்று நிஜமாகவே நம்பினேன். மறுநாள் பழங்களை நானே பொறுக்கி வைத்தேன். காரியஸ்தரிடம் சொல்ல வேண்டிய வார்த்தைகளையும் நானே சொல்லிக் கொடுத்தேன்.

நீ அப்போது சென்னை ஆஸ்பத்திரியில் இருந்தாய். இடித்த விஷயம் உன் அப்பாவுக்குத் தெரியவே தெரியாது. அந்த நாட்களில் எங்கள் வீட்டுத் தட்டு எதற்காகக் குத்தகைக்காரர் வீட்டுக்குப் போகும் என்பது ஊருக்கே தெரியும். வெற்றிலையை எடுத்துக்கொண்டால் நிலத்தை விட்டுவிடச் சம்மதம் என்று அர்த்தம். அது என் புத்தியில் ஏறவில்லை.

திரும்பி வந்த காரியஸ்தருக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"தட்டை வச்சேன். 'நடந்ததை மனசுல வச்சுக்க வேணாம்னு சின்னவரு சொல்லச் சொன்னாரு'ன்னேன். கெழவன் தட்டையே பாத்துக்கிட்டு நின்னான். 'சின்னவரே சொல்லிட்டாங்களா?'ன்னான். அப்புறம் வெத்தலையை எடுத்துக்கிட்டான். 'தாளடி அறுத்ததும் விட்டுடறோம்னு ஐயாகிட்ட சொல்லுங்க'ன்னுட்டான்."

அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். "நான் கேக்கவே இல்லியேப்பா! ஒன் கார்ப் பைத்தியத்தாலயும் ஒரு பிரயோசனம்!"

அது பந்தயத்துக்காகப் போன தட்டு என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். உன் வீடு வாய்க்காலைத் தாண்டினால் வந்துவிடும், நானே ஓடிப் போய்ச் சொல்லியிருக்கலாம். காபி ஆறுகிறது என்று உள்ளே கூப்பிட்டார்கள். போய்க் குடித்தேன்.

அறுவடை முடிந்து உன் அப்பா நிலத்தை விட்டார். நீங்கள் தஞ்சாவூருக்குக் குடிபோகிற அன்று, மாவுக்கட்டுக் கையோடு நீ எங்கள் நெல் களத்துக்கு வந்தாய். சண்டைக்கு வந்திருக்கிறாய் என்று நினைத்தேன். வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். நீ நிலத்தைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அன்னைக்கு உள்ள வந்தீங்களே, எடம் இருக்குன்னு நெனச்சு வந்தீங்களா? இல்ல, நான் விட்டுடுவேன்னு நெனச்சு வந்தீங்களா?"

"எடம் இருக்குன்னுதான் நெனச்சேன்" என்றேன்.

"சரிங்க" என்று சொல்லிவிட்டுப் போனாய். அதற்குப் பிறகு எத்தனையோ கல்யாண வீடுகளில் பார்த்தோம். "வாங்க, நல்லா இருக்கீங்களா?" என்று முகம் மலரத்தான் விசாரிப்பாய். நான் பந்தயத்தை விட்டுவிட்டேன். யார் பக்கத்தில் ஓட்டுவது?

அப்பா காலத்துக்குப் பிறகு நிலத்தை உன் பேருக்கே எழுதிக் கொடுத்துவிடலாம் என்று தோன்றியது. உன்னிடம் அதைச் சொல்ல ஆள் அனுப்பினேன். பார், மறுபடியும் ஆள்தான் அனுப்பினேன். வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டாய். எனக்கு அவமானத்தைவிட நிம்மதிதான் முதலில் வந்தது. அதை நினைத்து இப்போது கூசுகிறேன்.

செய்தி கேட்டுத் தஞ்சாவூருக்கு நானேதான் வந்தேன், தனியாக, வெறுங்கையோடு. உன் மனைவி தண்ணீர் கொடுத்தார். "ஒங்களைப் பத்தித் தப்பா ஒரு வார்த்தை சொன்னதில்லைங்க அவரு" என்றார். டம்ளரை அப்படியே கீழே வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

அந்த வயல் இன்னும் என் பேரில்தான் இருக்கிறது. அதில் விளைகிற அரிசியைத்தான் தினமும் சாப்பிடுகிறேன். உட்காரும்போதெல்லாம் உன் கேள்வியும் கூடவே வந்து உட்காருகிறது. அந்த வளைவில் இடம் இல்லை என்பது எனக்கு நன்றாகத் தெரியும்டா. நீ விட்டுவிடுவாய் என்றுதான் உள்ளே வந்தேன்.