ஐயனார் காட்டின் ஏழாம் நம்பர் டப்பா

கீரமங்கலம்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள நிலவழகன் அண்ணனுக்கு,

உன் தங்கை சரண்யா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம், ஏழாம் நம்பரைத் தவிர. அங்கே வால்பாறையில் அட்டைகள் உன் உடம்பில் கொஞ்சமாவது ரத்தம் மிச்சம் வைத்திருக்கின்றனவா? மலைமேல் உட்கார்ந்து அழிந்த மழைக்காட்டை மறுபடி வளர்க்கிறாய். மரத்துக்கு மரம் நீ மாட்டிய சென்சார் டப்பாக்கள் கம்பியே இல்லாமல் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. நீ மட்டும் டவர் இல்லை என்கிறாய். இந்தக் காலத்தில் எனக்குத் தபால்தலை ஒட்டும் வேலை!

புயல் சாய்த்த நம் ஐயனார் காட்டில் ஊரோடு சேர்ந்து நீ நட்ட வீரைக் கன்றுகள் என் தோள் உயரம் வந்துவிட்டன. அங்கே நீ மாட்டிய டப்பாக்களை ஊரே "சென் சாரு" என்று மரியாதையாகத்தான் கூப்பிடுகிறது. எங்கள் பி.டி. சாருக்கே அந்த மரியாதை கிடையாது.

அம்மாவுக்குக் காலையில் காபிக்கு முன்னால் போன். எந்த மரத்தடியில் ஈரம் எவ்வளவு, சூடு எவ்வளவு என்று ஆப்பில் பார்த்துவிட வேண்டும். மகன் பேசாவிட்டாலும் மகன் வைத்தது பேசுகிறதே என்று ஒரு சமாதானம். போன மாதம் ஏழாம் நம்பர் பேச்சை நிறுத்தியது. அம்மாவும் நிறுத்திவிட்டாள். தட்டில் சோறு வருகிறது, ரசத்தில் உப்பு வருவதில்லை.

கழற்றிப் பார்சலில் அனுப்பு, சரிசெய்கிறேன் என்று எழுதியிருந்தாய். கழற்றப் போனது யார் தெரியுமா? அப்பா! "மரத்துக்குக் காய்ச்சல் பாக்குறதெல்லாம் ஒரு வேலையாடா"ன்னு கல்யாணப் பந்தியில் அத்தனை பேர் முன்னால் உன்னைக் கேட்டாரே, அதே ஆண்டிச்சாமிதான். நீ பாதிச் சாப்பாட்டில் எழுந்து போய் இரண்டு தீபாவளி ஆகிவிட்டது.

செருப்பை வெளியே விட்டு, ஸ்குரூடிரைவரோடு உள்ளே போய், டப்பாவைத் துண்டில் சுற்றிக்கொண்டு வந்தால், காட்டு எல்லையில் பூசாரி ரெங்கராஜ் மாமா நாலு பேரோடு நிற்கிறார். "மாப்ளே, காஞ்ச சுள்ளியக்கூட இங்கிட்டிருந்து வெளிய எடுக்க மாட்டோம். தேங்கா ஒடச்சுத்தானே மாட்டுனீங்க? இப்ப அது ஐயனாரு டப்பா" என்றிருக்கிறார். "இது எம்மவன் வச்சதுய்யா" என்று அப்பா சத்தம் போட்டாராம். அதுவும் அத்தனை பேர் முன்னால்தான், அண்ணே. "அப்ப மவன வரச் சொல்லுங்க. உள்ளயே ஒக்காந்து ரிப்பேர் பாக்கட்டும்" என்று முடித்துவிட்டார் பூசாரி. அப்பா திரும்பவும் மாட்டிவிட்டு வந்தார்.

தான் அங்கே போவதைப் பூசாரியிடம் யார் போட்டுக்கொடுத்தது என்று அப்பா இன்னும் தேடுகிறார். நானும் கூடச் சேர்ந்து மும்முரமாகத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

நேற்று சாயங்காலம் வந்து, "டப்பா இன்னும் கெட்டுத்தான் கெடக்குன்னு அவனுக்கு எழுது" என்றார். எழுதிவிட்டேன். "மழைக்கு முன்னாடி சரி பண்ணலன்னா இந்த வருசக் கணக்கே விட்டுப்போகும்னு எழுது" என்றார். அதையும் எழுதிவிட்டேன். வாசல் வரை போனவர் திரும்பி வந்து, "நான் வரச் சொன்னேன்னு மட்டும் எழுதிப்புடாத" என்றார்.

நான் அப்பா பேச்சைத் தட்டாத பிள்ளை. அதனால் அதை மட்டும் எழுதவில்லை.

வந்துடு அண்ணே.

உன் வாலு,
சரண்யா