முழங்கால் வலி என்று சொன்னது பொய்

அன்பு மகளுக்கு, அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சுகம்தானே? இங்கே நானும் அப்பாவும் நலம். கடிதத்துக்காக எழுதும் நலம் இல்லை, நிஜமாகவே நலம், அதனால்தான் இப்போது உண்மையைச் சொல்லத் துணிந்தேன்.

உன் பிரசவத்துக்கு நான் வராததற்கு முழங்கால் வலி காரணமில்லை. மாதவிலக்கு நின்று ஒன்பது வருஷம் கழித்து எனக்கு மறுபடி இரத்தம் போக ஆரம்பித்தது, இதைப் போய் யாரிடம் சொல்வது என்று மூன்று மாதம் வாய் திறக்கவில்லை. தையல் கம்பெனியில் என் பக்கத்து மெஷினில் பட்டன் தைக்கும் அக்காதான் என் நாற்காலியில் கறையைப் பார்த்துவிட்டு, "வெக்கத்தைப் பார்த்தா உசுரு மிஞ்சாதுடி, கிளம்பு" என்று அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனார். கர்ப்பப்பையில் புற்றுநோய், வயிற்றுக்குள்ளும் பரவியிருக்கிறது என்றார்கள். உடனே அறுத்து எடுத்துவிடுங்கள் என்று அழுதேன். டாக்டரம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "இப்பக் கத்தி வெச்சா முழுசா எடுக்க முடியாதும்மா, முதல்ல மருந்து கொடுத்துச் சுருக்குவோம், அப்புறம் நான் பாத்துக்கறேன்" என்றார். மூன்று வாரத்துக்கு ஒரு தரமாக மூன்று தரம் கீமோ ஏற்றினார்கள். நீ வீடியோவில் கூப்பிடும்போதெல்லாம் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு இப்போதுதான் குளித்தேன் என்பேனே, ஒரு நாளைக்கு எத்தனை தரம்தான் குளிப்பே என்று நீகூடச் சிரித்தாய், துண்டுக்குள்ளே முடி இல்லை கண்ணு.

இரண்டாவது கீமோ முடிந்து காய்ச்சலில் வார்டில் கிடந்தபோதுதான் உனக்கு வலி எடுத்த செய்தி வந்தது. எந்த ஆஸ்பத்திரியை நினைத்துக் கவலைப்படுவது என்று தெரியாமல் அப்பா நடையில் நின்று அழுதாராம், நர்ஸ் சொன்னாள். பிறகு ஓடி வந்து போனை என் காதில் வைத்தார், குழந்தை வீறிட்டு அழுதது, அதுவரை ஒரு வாய்கூட இறங்காமல் கிடந்த நான் அன்றைக்கு ராத்திரியே சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். குடித்த டம்ளரைக்கூட எடுத்து வைக்காத மனுஷன், இந்த ஐந்து மாதமாக என் வாந்தியைத் துடைத்து, சோற்றைக் குழைய வடித்து ஊட்டுகிறார், உப்பு மட்டும் இன்னும் கைக்கு வரவில்லை.

ஸ்கேனில் கட்டி பாதிக்கு மேல் சுருங்கியிருந்தது. போன மாதம் ஆபரேஷன், கண்ணுக்குத் தெரிந்ததை எல்லாம் எடுத்தாச்சு என்றார் டாக்டரம்மா. இன்னும் மூன்று கீமோ பாக்கி, திரும்ப வராது என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை, கிடைத்ததற்கே கும்பிடு போடுகிறேன். மறைத்ததற்கு என்னைத் திட்டு, அப்பாவைத் திட்டாதே, சத்தியம் வாங்கியது நான். உன் உடம்பில் எது மாறினாலும் வெட்கப்படாமல் உடனே காட்டு.

மூவரும் நோய்நொடி இல்லாமல் நூறாண்டு இருக்க வேண்டும். மறக்காமல் குழந்தை இப்போது எத்தனை கிலோ என்று எழுது, அந்தப் பாரத்தை எப்போது தூக்கலாம் என்று டாக்டரம்மாவிடம் கேட்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா