பிரித்துத் தைத்த பக்கம்

மார்ச் 4

எங்கள் தையல் கடையில் மயங்கி விழுந்துவிட்டேன். அதுவும் ஒரு வாடிக்கையாளர் அம்மாவுக்கு இடுப்பளவு எடுக்கும்போது. தன் இடுப்பைப் பார்த்துத்தான் விழுந்தேன் என்று அவர் நினைத்துவிட்டாராம்! அக்கா சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். ஆஸ்பத்திரி பெஞ்சில் அதே அக்கா தேம்பித் தேம்பி அழுதாள்.

ரத்தத்தில் பொட்டாசியம் குறைவாம். டாக்டரம்மா சுற்றி வளைக்கவில்லை. "நிறைய சாப்பிட்டுட்டு வாந்தி எடுக்கிறீங்களா?" தலையாட்டினேன். வருஷக்கணக்காக நடக்கிறது, பக்கத்து மிஷினில் உட்கார்ந்து தைக்கிற அக்காவுக்கே தெரியாமல்.

மார்ச் 7

ஆஸ்பத்திரியில் இதற்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. "இதுக்குப் பேரு புலிமியா. இது நோய்தாம்மா, திமிர் இல்ல," என்றார் டாக்டரம்மா. யாராவது இதை முன்பே சொல்லியிருக்கக் கூடாதா?

வாரம் ஒரு நாள் கவுன்சிலரிடம் போய்ப் பேசலாம், கூடவே மாத்திரை. அல்லது பகல் முழுக்க அங்கேயே இருந்து, மற்றவர்களோடு சாப்பிட்டு, சாயங்காலம் வீடு திரும்பலாம். உடம்பு மோசமானால் வார்டு.

"வார்டுலயே போட்டுடுங்க டாக்டர்," என்றாள் அக்கா. ஊறப்போட நான் என்ன அழுக்குத் துணியா? செத்தாலும் போகமாட்டேன் என்று கத்தினேன். முதல் வழியில் ஆரம்பிக்கலாம் என்றார் டாக்டரம்மா. "ஆனா இது இதயத்தையே நிறுத்திடும். எங்ககிட்ட மறைக்காதீங்க. மறுபடி வாந்தி ஆரம்பிச்சா வார்டு பத்திப் பேச வேண்டி வரும்."

மார்ச் 12

இன்று மூன்று வேளையும் சாப்பிட்டேன். வேறு எதுவும் எழுதத் தெம்பில்லை.

மார்ச் 19

கவுன்சிலர் சின்னப் பெண். என்ன தெரியப்போகிறது இவளுக்கு என்று போனேன். வேளை தவறாமல் சாப்பிடணும், ஒரு வேளை தப்பு நடந்தாலும் அடுத்த வேளையைப் பட்டினி போடக் கூடாது என்றாள். பட்டினிதான் மறுபடி அள்ளித் தின்ன வைக்கிறதாம். யோசித்துப் பார்த்தால் சரிதான்.

சாப்பிட்ட பிறகு அக்கா என்னோடு உட்கார்ந்து ஏதாவது பேச வேண்டும். சாப்பாடு, உடம்பு பற்றி மட்டும் பேசக் கூடாது. ஊர்க்கதை எல்லாம் பேசுகிறவளுக்கு இப்போது வாயடைத்துப் போய்விட்டது. "பட்டனைப் பத்திப் பேசட்டுமாடி?" என்றாள். பேசினாள், பேசினாள், அப்படிப் பேசினாள். பட்டனில் இவ்வளவு விஷயமா!

ஏப்ரல் 9

ஒழுங்காகச் சாப்பிட்டும் சட்டைகள் இறுக்கவில்லையே என்று உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தேன். இன்று ஒன்றைத் திருப்பிப் போட்டு இஸ்திரி போட்டபோதுதான் பார்த்தேன். பக்கத் தையலைப் பிரித்து, சட்டை தளர்த்தித் தைக்கப்பட்டிருக்கிறது. பழைய ஊசித் துளைகள் உள்ளே, புதுத் தையல் வெளியே. அது என் தையல் இல்லை, அக்காவின் நெருக்கமான தையல். அலமாரியில் இருந்த எல்லாவற்றையும் எடுத்துப் பார்த்தேன். எல்லாமே!

எவ்ளோ தைரியம் இவளுக்கு! என்னைக் குழந்தைன்னு நெனச்சாளா, பைத்தியம்னு நெனச்சாளா?

சட்டைகளை அவள் மடியில் வீசிவிட்டு வந்துவிட்டேன்.

ஏப்ரல் 11

கவுன்சிலர் முன்னால் அக்காவைக் கேட்டேன், ஏன் செய்தாய் என்று. "இறுக்கினா நீ மறுபடி ஆரம்பிச்சிடுவியோன்னு பயமாயிருந்துச்சு," என்றாள். அதோடு விட்டாளா? "நீ வருஷக்கணக்கா மறைச்ச. நான் நாலு தையலை மறைச்சா அது பெரிய குத்தமா?"

கவுன்சிலர் டிஷ்யூ பெட்டியை எங்கள் இருவருக்கும் நடுவில் தள்ளி வைத்தாள். பயம் வந்தால் இனி இரண்டு பேரும் வாய்விட்டுச் சொல்லுங்கள் என்று மட்டும் சொன்னாள்.

வெளியே வந்ததும் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். விடுவித்துக்கொள்ளத் தோன்றவில்லை. பாவம், எனக்காக யாருக்கும் தெரியாமல் இவ்வளவு தைத்திருக்கிறாள்.

மே 3

துணி வாங்கிப்போக வந்தவர், "இப்ப கொஞ்சம் பூசினாப்ல, நல்லா இருக்கீங்க," என்றார். நல்லதாகத்தான் சொன்னார். அவர் போனதும் பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்தேன், பிறகு இன்னொன்று. பிறகு பாத்ரூம்.

வெளியே வந்தபோது அக்கா காலருக்குக் குண்டூசி குத்திக்கொண்டிருந்தாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை.

"அக்கா, இப்ப வாந்தி எடுத்துட்டேன்."

அவள் முகம் ஒரு கணம் சுருங்கியது. திட்டவில்லை, அழவுமில்லை. வாயிலிருந்த ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள்.

"எனக்குப் பயமா இருக்குடி," என்றாள்.

"எனக்கும்தான்."

"மதியச் சாப்பாட்டைத் தள்ளக் கூடாது. தட்டை எடு."

எடுத்தேன். சாப்பிட்டோம்.

நாளை டாக்டரம்மாவிடம் சொல்லப்போகிறேன். வார்டு என்பாரோ? சொன்னால் சொல்லட்டும். அக்காவையும் கூட வரச் சொல்லியிருக்கிறேன்.