கேட்காததும் இல்லாததும்

அன்புள்ள அம்மாவுக்கு,

நீயும் அப்பாவும் நல்லா இருக்கணும். நான் சௌக்கியம், சளிக்கு மட்டும் என்னை விட்டுப் போக மனசில்லை.

போன வாரம் ஆஸ்பத்திரியில ஒரு கூத்து. பயப்படாதே. யாருக்கு எந்த மருந்து ஒத்துக்காதுன்னு டாக்டருங்க கம்ப்யூட்டர்ல தேடுவாங்க. அந்தத் தேடலைக் கவனிச்சுக்கறதுதானே என் வேலை. ஒரு பெரியவருக்கு "ஒவ்வாமை இல்லை"ன்னு காட்டிச்சு. ஊசி போட்டதும் மனுஷன் முகம் பூசணிக்காய் மாதிரி வீங்கிடுச்சு. நல்லவேளை, நர்ஸக்கா பக்கத்துலயே இருந்தாங்க. சாயங்காலம் பெரியவர் நடந்தே வீட்டுக்குப் போயிட்டார்.

தோண்டிப் பார்த்தா, அவர்கிட்ட யாரும் கேட்கவே இல்லை. கம்ப்யூட்டர்ல அதுக்கான கட்டம் காலி. காலியா இருந்தா "இல்லை"ன்னு எடுத்துக்கோன்னு எப்பவோ யாரோ கம்ப்யூட்டருக்குச் சொல்லி வெச்சிருக்காங்க. நர்ஸக்கா என் மேசைக்கே வந்து, "கேட்காததும் இல்லாததும் உங்களுக்கு ஒண்ணா?"ன்னு பிடிச்சுக்கிட்டாங்க. இப்போ காலிக் கட்டம் எல்லாம் "இன்னும் கேட்கலை"ன்னு தனியா வர்ற மாதிரி மாத்திட்டிருக்கேன். அந்தப் பட்டியல் வரவர நீண்டுட்டே போகுது.

என் நீலப் போர்வையை அனுப்பி வை. துவைக்காமலே அனுப்பு.

அப்பாவோட இருமலைப் பத்தி நீ இப்பல்லாம் எழுதறதே இல்லை. நானும் கேட்கலை, நின்னு போச்சுன்னே வெச்சுக்கிட்டேன். இப்போ கேட்கறேன்மா. "ஒண்ணுமில்லை"ன்னுதான் பதில்னா, அதை அவர் கையால எழுதச் சொல்லு.

பஸ் வந்துடுச்சு.

உன் மக