பத்து டிகிரி

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வலி எப்படி? பாப்பாவின் இருமல் நின்றதா? நான் சுகம்.

இன்று ஆலையில் சின்னக் களேபரம். ஒன்றோடொன்று கலக்காத இரண்டு பிளாஸ்டிக்கைச் சேர்த்து உருக்குகிறோம். வெளிப்பிளாஸ்டிக் கெட்டியாக ஓடினால்தான் உள்ளே துளிகளாக நிற்கும் மற்றதை இழுத்து நாராக்கும். துளிகள் நீளவே இல்லை. கெட்டியாகட்டும் என்று, சூட்டைப் பத்து டிகிரி குறைக்க ஆபரேட்டரிடம் சொன்னேன். இயந்திரத்துக்குள் அழுத்தம் எகிறி, போல்ட்டுகள் தெறித்து, கொதிக்கும் குழம்பு ஆபரேட்டரின் கையில் அப்பியது. உரித்தபோது தோலும் சேர்ந்து வந்தது.

சூப்பர்வைசர் ஆபரேட்டரின் சட்டையைப் பிடித்து அவரைச் சுவரில் மோதினார். "யாரைக் கேட்டுடா சூட்டைக் குறைச்ச?"

"நான்தான் சொன்னேன். அவரை விடுங்க!" என்றேன்.

"படிச்ச திமிரா?" என்று ஸ்பேனரை வீசினார். எனக்கு நெற்றியில் மூன்று தையல்தான், முடியை இழுத்துவிட்டால் தெரியாது.

ஆஸ்பத்திரியில் ஆபரேட்டர் கேட்டார்: "மேடம், என் கையிலயாவது நார் வந்துச்சா?" வந்திருந்தது, அம்மா. உரித்த துண்டு இழை இழையாகப் பிரிந்தது.

ஆபரேட்டர் தானாகவே சூட்டைக் குறைத்தார் என்று எழுதிக் கொடுத்தால் என் வேலை தங்குமாம், ஆலையில் சொல்கிறார்கள். நான் சொல்லித்தான் குறைத்தார் என்றே நாளை எழுதிக் கொடுக்கப்போகிறேன்.

பாப்பாவின் பாதத்தைத் தாளில் வைத்து வரைந்து அனுப்பு, செருப்புக்கு அளவு வேண்டும். இல்லை, இரண்டு நாள் பொறு. நானே வந்து அளக்க வேண்டியிருக்கலாம்.

அவசரத்துடன்,
உன் மகள்